காரைக்காலைக் கேட்டார்களா?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. போன மாசம் ஊருக்குப் போய்விட்டு வந்ததும், இனி ஒத்திப்போடக் கூடாதுன்னு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து காரைக்காலுக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? நாகூர் தாண்டினதும் வாஞ்சூர். வயல் அதே வயல்தான், காற்று அதே உப்புக்காற்றுதான். ஆனால் திடீரென்று வரிசையாக மதுக்கடைகள், வளைவில் புதுச்சேரி அரசு என்று எழுத்து. அங்கிருந்து வடக்கே பூவம் வரைக்கும் சின்னத் துண்டு நிலம். நாலு பக்கத்தில் மூணு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். வெளியூர் நண்பர்களிடம் "நான் காரைக்கால்" என்றால் "ஓ, பாண்டிச்சேரியா?" என்பார்கள். பாண்டிச்சேரி அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேலே. விளக்கிச் சொல்லி அலுத்துப்போய் இப்போதெல்லாம் தலையாட்டிவிடுகிறேன் :-)

சின்ன வயசில் திருமலைராயன்பட்டினத்தில் அப்பாயி வீட்டு மொட்டைமாடியில் படுப்போம். தென்மேற்கே வானத்தின் ஓரம் செவசெவன்னு ஒரு வெளிச்சம் அசையும். நரிமணத்தில் எண்ணெயோடு வரும் வாயுவை எரிக்கும் தீ. "நரிமணத்துல வெளக்கேத்திட்டான், தூங்குங்கடா" என்று அப்பாயி சொல்லும். எங்களுக்கு அது நிலா மாதிரி பழகிப்போன சமாச்சாரம். யாரைக் கேட்டு ஏத்தின விளக்கு என்ற கேள்வி எனக்கு நாற்பது வயசுக்கு மேலேதான் வந்தது.

கேட்பது என்ற சங்கதியில் காரைக்காலுக்கு ஒரு விசித்திரமான சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் எண்ணெய்க்கு வர முடியாது.

1739ல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைக் கைப்பற்றினார்கள். தஞ்சாவூர் மராட்டிய அரசுக்குள் நடந்த வாரிசுச் சண்டையில், பணத்துக்கும் படைக்கும் பதிலாக ஊரைக் கொடுப்பது என்று பேச்சு. இதில் ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை, அந்தக் காலத்தில் யாரும் எங்கேயும் கேட்டதில்லை. 1880ல் ஒரு ஆணை போட்டு நகராட்சிகளை உண்டாக்கினார்கள். காரைக்கால் பகுதிக்கு மூணு கொம்யூன்: காரைக்கால், பெரிய அல்தே எனப்பட்ட திருமலைராயன்பட்டினப் பக்கம், நெடுங்காடு. 1907ல் அது ஆறாயிற்று. இன்றைக்கும் எங்கள் ஊரில் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற வார்த்தை புழங்குவது இதனால்தான். பக்கத்து நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு அது புரியாது.

அப்புறம் 1954. அக்டோபர் 18ஆம் தேதி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கீழூர் என்ற கிராமத்தில் ஓட்டெடுப்பு. இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா? ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர். 170 பேர் சேரலாம், 8 பேர் வேண்டாம். இந்த 178 பேரும் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் சட்டசபை, நகராட்சி உறுப்பினர்கள். அதாவது ஜனங்கள் இல்லை, ஜனங்களின் பிரதிநிதிகள். (சந்திரநாகூரில் மட்டும் 1949ல் ஜனங்களே ஓட்டுப் போட்டார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.) இருந்தாலும் பரவாயில்லை, கேட்டார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது.

1956 மே 28ஆம் தேதி இந்தியாவும் பிரான்சும் ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அதில் ஒரு ஷரத்து. இந்தப் பகுதிகளின் அரசியலமைப்பு நிலையில் பின்னால் ஏதாவது மாற்றம் செய்வதானால், மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்கிறது. ரெண்டு நாடுகள் கையெழுத்துப் போட்ட தாளில், "இவங்களைக் கேட்டுட்டுத்தான் செய்யணும்" என்று எழுதப்பட்ட ஜனங்கள் நாங்கள்! இந்தியாவில் எத்தனை ஊருக்கு அப்படி ஒரு வரி இருக்கும்?

அதே 1956, ஆகஸ்ட் 14ஆம் தேதி, எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம், அதாவது ஓ.என்.ஜி.சி., பிறந்தது. ரெண்டரை மாச இடைவெளி. ஒன்று மண்ணுக்கு மேலே இருக்கிறவர்களைக் கேட்கச் சொன்ன ஒப்பந்தம். இன்னொன்று மண்ணுக்குக் கீழே தேட வந்த நிறுவனம். ரெண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை என்பதுதான் நான் சொல்ல வருகிற கதை.

ஐம்பதுகளின் கடைசியிலேயே காவிரிப் படுகையில் ஆய்வு ஆரம்பித்துவிட்டது. 1964ல் முதல் ஆழ்கிணறு. படுகையின் அடியில் இருக்கிற பாறை மேடுகளுக்கும் பள்ளங்களுக்கும் மேலே இருக்கிற ஊர்களின் பேரையே வைத்தார்கள். பூகோள விஞ்ஞானிகளின் வரைபடத்தில் 'காரைக்கால் மேடு' என்று பூமிக்கடியில் ஒன்று உண்டு. எங்களுக்குத் தெரிந்த காரைக்கால்மேடு கடற்கரையில் இருக்கும் மீனவர் கிராமம். வலை காயும், கருவாட்டு வாசம் வரும். கீழே ஒரு மேடு, மேலே ஒரு மேடு. கீழே இருக்கிறதைப் பத்தி கட்டுக் கட்டாக அறிக்கைகள். மேலே இருக்கிறதைப் பத்தி?

எண்பதுகளில் நரிமணம் வயல். 1993ல் அதை ஒட்டிப் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை. காவிரிப் படுகைக்கான ஓ.என்.ஜி.சி. தலைமையிடம் நிரவியில், எங்கள் காரைக்கால் எல்லைக்குள். இதனால் ஊருக்கு நல்லதே நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஐ.டி.ஐ. படித்த பையன்களுக்கு ஒப்பந்த வேலை கிடைத்தது, வாடகைக்கு வீடு விட்டவர்கள் நிமிர்ந்தார்கள், வேன் ஓட்டியவர்கள் ரெண்டாவது வேன் வாங்கினார்கள். என் சொந்தக்காரர்களே ரெண்டு பேர் அந்தச் சம்பளத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள். போராட்டம் என்று எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், அது சரியில்லை.

இங்கே "சுரங்கம்" எங்கே வந்ததுன்னு கேட்பீர்கள். குழியும் இல்லை, லாரி லாரியாகக் கல்லும் இல்லை. ஆனால் 1959ஆம் வருஷத்து பெட்ரோலிய, இயற்கை எரிவாயு விதிகளின்படி எண்ணெய் எடுக்கத் தந்த அனுமதிக்குப் பேரே 'பெட்ரோலியச் சுரங்கக் குத்தகை' என்றுதான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத சுரங்கம், அவ்வளவுதான். நெய்வேலியில் சுரங்கம் கண்ணில் அறைகிறது, அதனால் சண்டையும் கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் ஊரில் வயலுக்கு நடுவே கொஞ்சம் ஏக்கர் செம்மண் கொட்டி மேடாக்கி வேலி போட்ட ஒரு களம், சில குழாய்கள், ஒரு காவலாளி. அவ்வளவுதான் வெளியே தெரியும்.

சட்டத்தில் ஜனங்களைக் கேட்பது எப்போது வந்தது என்று வருஷம் வருஷமாகப் பார்த்தேன். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 1994ல் வந்தது. அதில் பொதுமக்கள் கருத்துக் கேட்பு கட்டாயமானது 1997ல். பனங்குடி ஆலையோ 1993. புரிகிறதா? டெல்டாவில் எண்ணெய்த் தொழிலின் எலும்புக்கூடு முழுக்க, கேட்க வேண்டும் என்று விதி வருவதற்கு முன்பே கட்டி முடித்தாயிற்று. சதி என்று சொல்லவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது. 2006ல் அறிவிக்கையைப் புதுசாக எழுதியபோதும் எண்ணெய்த் தேடல் கருத்துக் கேட்புக்குள் இருந்தது. 2020 ஜனவரி 16ஆம் தேதி ஒரு திருத்தம் போட்டு, தேடுவதற்காகத் தோண்டும் கிணறுகளை மட்டும் கீழ் வகைக்கு இறக்கினார்கள். அந்த வகைக்குக் கருத்துக் கேட்பு வேண்டாம். எடுக்கும்போது கேட்டால் போதும், தேடும்போது வேண்டாம் என்பது வாதம். பெண் பார்க்கும்போது கேட்க வேண்டாம், தாலி கட்டும்போது கேட்டால் போதும் என்கிற மாதிரி.

நடுவில் 2017. பிப்ரவரி 15ஆம் தேதி மத்திய அமைச்சரவை, கண்டுபிடித்து எடுக்காமல் விட்ட சிறு எண்ணெய் வயல்கள் 31 ஒப்பந்தப் பகுதிகளை ஒதுக்க ஒப்புதல் தந்தது. அதில் தமிழ்நாட்டுக்கு நெடுவாசல். மறுநாளே புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்தக் கிராமம் எழுந்து உட்கார்ந்தது. ஜல்லிக்கட்டு போராட்டம் முடிந்த சூடு, தமிழ்நாடே அங்கே போனது. அதே பட்டியலில் இன்னொரு பேரும் இருந்தது, காரைக்கால். பாரத் பெட்ரோ ரிசோர்சஸ் நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஊர்க்காரனான எனக்கே நெடுவாசலைப் பத்திப் படிக்கும்போது ஓரத்தில் கண்ணில் பட்டதுதான். அப்போதைய முதல்வர் நாராயணசாமி காரைக்காலில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தார். நல்லது. ஆனால் வேண்டாம் என்று சொன்னதும் மேலேயிருந்துதான், வேணும் என்று சொன்னதும் மேலேயிருந்துதான். நடுவில் எங்கள் ஊர் எங்கே இருந்தது?

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள், கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்கள். புதுசாக எண்ணெய், எரிவாயு தோண்டக் கூடாது. ஏற்கெனவே நடப்பது நடக்கும். குறை சொல்ல நிறைய இருந்தாலும் பெரிய காரியம்தான். ஆனால் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பச்சையடித்த டெல்டாவின் கிழக்கு ஓரத்தில் ஒரு ஓட்டை, காரைக்கால். தமிழ்நாட்டுச் சட்டம் வாஞ்சூர் வளைவோடு நின்றுவிடும். 1739ல் போட்ட கோடு.

அந்தக் கோட்டை ஆறு மதிப்பதில்லை. அரசலாறு, திருமலைராஜனாறு, நூலாறு, வாஞ்சியாறு எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து வந்து எங்கள் ஊரில் கடலைத் தொடுகின்றன. தண்ணீர் விஷயத்தில் இதை ஒத்துக்கொண்டார்கள். காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கென்று 7 டி.எம்.சி. தனியாக எழுதினார்கள், 2018ல் உச்ச நீதிமன்றமும் அதைத் தொடவில்லை. மேலே ஓடும் தண்ணீருக்குக் கணக்குண்டு. கீழே இருக்கிற பாறைக்கும், நடுவில் இருக்கிற உயிர்களுக்கும் இல்லை.

"காரைக்கால்ல என்ன பெரிய காடு இருக்கு, பல்லுயிர் பத்திப் பேச?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். புலி இல்லை, மலை இல்லை. ஆனால் அரசலாற்று முகத்தில் அலையாத்தி நிற்கிறது. அதன் வேரடியில் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளருகின்றன. தையிலிருந்து பங்குனி வரை கடற்கரை மணலில் பங்குனி ஆமை ஏறி முட்டையிடும். ஆமைக் குஞ்சு பொரிந்து வெளியே வந்ததும் வெளிச்சம் எங்கேயோ அங்கே ஓடும். கடல்மேல் இருக்கும் ராத்திரி வெளிச்சத்தை நம்பிப் பிறந்த ஜென்மம் அது. கரையில் விளக்கெரிந்தால் அங்கே ஓடிச் சாகும். இதைப் படித்தபோது எனக்கு அப்பாயியின் நரிமண விளக்கு ஞாபகம் வந்தது. வயலில் தவளை, நண்டு, நத்தை, வாய்க்காலில் விரால், குரவை. கடைமடைச் சதுப்பில் வலசைப் பறவைகள். இதெல்லாம் பட்டியலில் ஏறாத சொத்து.

பட்டியல் போட ஒரு சட்டம் இருக்கிறது. 2002ஆம் வருஷத்து பல்லுயிர்ச் சட்டம், அதை நடத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகமும் நம்ம சென்னையில்தான். ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அமைக்கணும், அந்தக் குழு ஊர் ஜனங்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதணும். என்ன மீன் எந்த மாசம் எங்கே, எந்தச் செடி எதுக்கு மருந்து, எந்த விதை யார் வீட்டில். விஞ்ஞானி மாதவ் காட்கில் தொண்ணூறுகளில் முன்னெடுத்த யோசனை. எனக்கு இதில் பிடித்தது, படிக்காத மீனவரும் இங்கே சாட்சி. அவர் சொல்வது காகிதத்தில் ஏறும்.

ஏறினால் என்ன ஆகும்? மதுரை மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் சேர்த்து சுமார் 193 ஹெக்டேரை அந்தச் சட்டத்தின்கீழ் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதல். லகர் வல்லூறு முதல் சுனைகள், ஏரிகள், சமணர் படுக்கை, தமிழி கல்வெட்டு வரை எல்லாம் எழுத்தில் ஏறியது. ரெண்டே வருஷம். 2024 நவம்பர் 7ஆம் தேதி அந்த இடத்தையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் தேர்வானது. தொகுதி சுமார் ஐயாயிரம் ஏக்கர். கிராம சபைகள் தீர்மானம் போட்டன, டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூரிலிருந்து மதுரைக்கு ஜனங்கள் நடந்தே போனார்கள். ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பதிவேடு மட்டும் காப்பாத்தலை, கால்தான் காப்பாத்துச்சு. ஆனால் நடந்தவர்கள் கையில் காட்ட ஒரு தாள் இருந்தது. அது சாதாரணமில்லை.

ஒடிசாவின் நியாம்கிரியில் இன்னும் ஒருபடி மேலே. டோங்கிரியா கோந்த் பழங்குடிகளின் மலையில் வேதாந்தாவின் ஆலைக்காக பாக்சைட் எடுப்பதா என்பதை கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரல் 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. மழையில் குடை பிடித்துக்கொண்டு, நீதிபதியின் முன்னால், ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். அங்கே வனஉரிமைச் சட்டம் கைகொடுத்தது. எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்த வனமும் இல்லை, பழங்குடி என்ற அடையாளமும் பெரும்பாலோருக்கு இல்லை. புதுச்சேரியில் இருளர்களையே பட்டியல் பழங்குடியாக ஏற்றுக்கொண்டது 2016ல்தான். அதுவரைக்கும் புதுச்சேரியில் பட்டியல் பழங்குடியே கிடையாது!

நியாம்கிரிக்கும் அரிட்டாபட்டிக்கும் பொதுவானது கிராம சபை. காரைக்காலில் அது எங்கே? இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 38 வருஷம் கழித்து, நீதிமன்றம் குட்டின பிறகு, 2006ல் நடந்தது. 2011ல் பதவிக்காலம் முடிந்தது. 2021ல் தேதி அறிவித்தார்கள், அதுவும் நீதிமன்றத்துக்குப் போய் நின்றுபோயிற்று. 1880லேயே கொம்யூன் கண்ட ஊர்! கீழூரில் ஓட்டுப் போட்டவர்களில் நகராட்சி உறுப்பினர்கள் எத்தனை பேர்! இன்றைக்கு அப்படி ஒரு கீழூர் வைத்தால் கொம்யூனிலிருந்து போய் ஓட்டுப் போட ஒரு உறுப்பினர் கிடையாது, அதிகாரிதான் போகணும். பல்லுயிர்க் குழுவுக்கு அதிகாரிகள் பேர் எழுதி வைக்கலாம். ஆனால் அந்தக் குழுவைக் கேள்வி கேட்க ஊர்க்காரன் தேர்ந்தெடுத்த சபை ஒன்று வேணாமா?

அரசாங்கம் அமைக்காத சபை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, காசாக்குடிமேடு, பட்டினச்சேரி, மண்டபத்தூர் என்று மொத்தம் 11 மீனவ கிராமங்களின் பஞ்சாயத்தார். எந்த வலை போடலாம், எது கூடாது, யாருக்கு அபராதம் என்று கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். சுருக்குமடி வலை தகராறில் பத்திரிகையில் வந்ததெல்லாம் இவர்கள்தான். ஆம்பளைகள் மட்டும்தான் உட்காருவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீன் விற்கிற பெண்களுக்கு அங்கே இடமில்லை. வயல்வேலை செய்கிற தலித் மக்களுக்கு அப்படி ஒரு சபையே இல்லை. குறையுள்ளதுதான். ஆனால் உயிரோடு இருக்கிறது.

2023 மார்ச் 2ஆம் தேதி ராத்திரி நாகூர் பட்டினச்சேரியில் சி.பி.சி.எல். நிறுவனத்தின் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்து எண்ணெய் கடலில் கலந்தது. மீனவர்கள் தொழிலுக்குப் போகாமல் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது நஷ்ட ஈடு அல்ல. அடைத்தால் போதாது, குழாயையே எடுத்துவிடு என்றார்கள். இந்தப் பட்டினச்சேரி தமிழ்நாடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் பட்டினச்சேரி. பேரும் ஒன்று, கடலும் ஒன்று. எண்ணெய்ப் படலத்துக்கு வாஞ்சூர் வளைவு தெரியுமா என்ன?

போன மாசம் அரசலாற்று முகத்துவாரத்தில் வயசான மீனவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வலையைப் பிரித்துக்கொண்டே பேசினார். அந்த அலையாத்தித் திட்டுக்குள்ளே எப்போது எது வரும் என்று மாசக் கணக்கில் சொன்னார். சித்திரை தடைக்காலத்தில் கடல் ஓய்ந்தாலும் ஆறு ஓயாது என்றார்.

"இதெல்லாம் யாராவது வந்து எழுதிக்கிட்டுப் போயிருக்காங்களாண்ணே?"

"மண்ணை எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க தம்பி. தண்ணிய பாட்டில்ல புடிச்சுக்கிட்டுப் போயிருக்காங்க. ஏங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலை."

கையிலிருந்த டைரியைத் திறந்து நான் எழுத ஆரம்பித்தேன். மடவை, கொடுவா, கிழங்கான், ஊடகம், கெளுத்தி. ஊடகத்தை 'உடகம்' என்று எழுதியிருந்தேன் போல. வாசித்துக் காட்டியபோது நிறுத்தி, "ஊ... நீட்டிச் சொல்லணும்" என்று திருத்தினார். பதினோரு பேர் ஆகும்போது அவர் மகன் படகிலிருந்து கூப்பிட்டான். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு காலையில வாங்க, நண்டு பத்திச் சொல்றேன்" என்று கிளம்பினார். எனக்கு அன்றைக்கு ராத்திரியே பஸ்.